தாரணிக்கு ஒரு கம்ப்யூட்டர்

மே 4, ஞாயிறு

பணி ஓய்வுக்குப் பிறகு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. இப்போது ஒரு பொறுப்பு வந்திருக்கிறது. பொறுப்பு வந்தால் பதிவேடு வேண்டும். அதனால் இந்த நோட்டு.

என் மருமகள் தாரணிக்குப் புதுக் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுப்பதுதான் அந்தப் பொறுப்பு. அவள் மாடி அறையில் உட்கார்ந்து கல்யாணப் படங்களைத் திருத்தித் தருகிறாள். படம் எடுப்பவர்கள் வேறு ஆட்கள். ஈரோடு, திருப்பூர் ஸ்டுடியோக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் என்று ஹார்டு டிஸ்க்கில் அனுப்புவார்கள். இவள் நல்லதைப் பொறுக்கி, நிறத்தைச் சரிசெய்து, ஆல்பத்துக்கு ஆக்கித் தருவாள். இருக்கிற கம்ப்யூட்டர் ஏழு வருடப் பழசு. ஒரு படத்தைத் திறந்துவிட்டு அவள் கீழே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

கோவையில் ஆல்வின் என்ற பெரிய ஸ்டுடியோக்காரர் மூன்று கல்யாணங்களை அனுப்பியிருக்கிறார். மொத்தம் பதினோராயிரத்து நானூறு படங்கள். மே 31க்குள் சரியாக முடித்துக் கொடுத்தால் ஆவணி முதல் அவருடைய கல்யாணங்கள் எல்லாமே இவளுக்கு. இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வாராம்.

மதியம் சாப்பிடும்போது என் மகன் யுவராஜ் சொன்னான்: "அப்பா பிசிக்ஸ் வாத்தியாரு. அவரே பாத்து வாங்கட்டும்." வாங்கித் தரப்போவதும் நான்தான். தாரணி ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

மாலையில் நாச்சிமுத்து போன் செய்தார். மெட்ரிக் பள்ளியின் தாளாளர், என் பழைய நண்பர். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்றேன்.

மே 6, செவ்வாய்

தாரணி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். ராம் 64 ஜி.பி. இரண்டு எஸ்.எஸ்.டி., ஒன்று மென்பொருளுக்கும் கேட்டலாக்குக்கும், மற்றொன்று படங்களுக்கு. நிறம் பிசகாத 27 அங்குல மானிட்டர். மேசைக் கம்ப்யூட்டர், லேப்டாப் வேண்டாம். ஈரோட்டில் ஒரு கடையின் பெயரும் போன் நம்பரும்.

பட்டியல் நன்றாகவே இருந்தது. ஆனால் காரணம் எழுதாத விடைக்கு நான் முழு மதிப்பெண் போட்டதில்லை. எனவே மேலே போய் உட்கார்ந்து பேசினேன்.

"ராம்ங்கிறது மேசை மாதிரி கண்ணு. அலமாரி பெருசா இருந்தா மட்டும் போதுமா? விடைத்தாள் திருத்துற முகாம்ல நான் பாத்திருக்கேன். சின்ன மேசை குடுத்தா ஒரு கட்டை எடுத்து வெக்கறதுக்கு இன்னொரு கட்டைக் கீழ எறக்கணும். பாதி நேரம் அதுலயே போயிரும்."

"ஆமாங்க மாமா. அதுக்குத்தான் அறுபத்திநாலு எழுதியிருக்கேன்."

"ஆனா முப்பத்திரண்டு பத்தாதுன்னு எப்படித் தெரியும்? சோதிச்சுப் பாத்தமா?"

அவள் மவுஸிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: "மாமா, இன்னைக்கு ஆறாந்தேதி. இருபத்தஞ்சு நாள்தான் இருக்குதுங்க. இந்தப் பட்டியலை அப்படியே வாங்கினாப் போதும்."

எம்.எஸ்ஸி., பி.எட். படித்த பெண். நன்றாகச் சொல்லிக்கொடுக்கக்கூடியவள். பொறுமைதான் கொஞ்சம் போதாது. வகுப்பறையில் நின்றால் அது தானாக வரும்.

மே 9, வெள்ளி

ஈரோடு. தாரணி சொன்ன கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் பட்டியலைப் பார்த்தார், தாரணியைப் பார்த்தார், "ரெடிங்க மேடம், திங்கக்கிழமை அசெம்பிள் பண்ணித் தந்தர்றேன்" என்றார். ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. கேள்வி கேட்காத மாணவனையும் கடைக்காரனையும் நான் நம்புவதில்லை.

நான் கேட்டேன். லேப்டாப் ஏன் கூடாது? சூடாகுமாம், ஒரு மணி நேரம் தொடர்ந்து வேலை கொடுத்தால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளுமாம். சரியான விடை. கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு? அது மென்பொருளைப் பொறுத்ததாம். அப்படியானால் மென்பொருளை முடிவு செய்யாமல் பெட்டியை எப்படி முடிவு செய்வது என்றேன். கடைக்காரர் தாரணியைப் பார்த்தார்.

"மென்பொருள் நான் அஞ்சு வருசமா வெச்சிருக்கறதுதானுங்க மாமா."

"அதைவிட நல்லது வந்திருக்கலாமல்ல?"

ஐந்து கடையில் விலைப்புள்ளி வாங்கி ஒப்பிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பவானி தாண்டியது. பிறகு, "அஞ்சு கடைங்களா மாமா" என்றாள். ஆமாம் என்றேன்.

மே 10, சனி

கைக்கடிகாரம் பழுது. நிறுத்தற்கடிகாரம் உள்ள ஒன்று வாங்கினேன். சோதனைக்கு வேண்டும்.

மே 13, செவ்வாய்

இதுவரை மூன்று கடை. ஒவ்வொரு கடையிலும் அதே இருபது படங்களைத் திறந்து, ஒரே திருத்தத்தைப் போட்டு, வெளியே எடுக்க எத்தனை நொடி என்று குறிக்கிறேன். வேகம் நாற்பது மதிப்பெண், திரை இருபது, சத்தம் பத்து, விற்றபின் சேவை முப்பது. அட்டவணை அழகாக வருகிறது.

மதியம் மோர் எடுத்துக்கொண்டு மேலே போனேன். தாரணி மணிக்கட்டில் ஈரத்துணி சுற்றியிருந்தாள். முதல் கல்யாணத்திலேயே இன்னும் இருக்கிறாளாம், நாலாயிரத்து இருநூறில் மூவாயிரம் தாண்டியிருக்கிறது. ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போக நான்கு நொடி, சில சமயம் ஏழு. நானே கடிகாரத்தில் பார்த்தேன்.

"ஏழு நொடி. குறிச்சு வெச்சுக்கலாம்" என்றேன்.

"குறிச்சுக்குங்க மாமா."

கையில் வைத்துக்கொள்ள மெத்தை மாதிரி ஒன்று விற்கிறார்கள். நாளை வாங்கி வர வேண்டும்.

மே 15, வியாழன்

நல்ல மென்பொருள் ஒன்றைக் கண்டுபிடித்தேன். படங்களைத் தானே பொறுக்கித் தருகிறது. மங்கலான படம், கண் மூடிய படம் எல்லாவற்றையும் தள்ளிவிடும். கடையிலேயே ஒரு கல்யாணத்தைப் போட்டுப் பார்த்தேன். நாலு நிமிடத்தில் எண்ணூற்று முப்பது படங்களைப் பொறுக்கியது. அதை பென் டிரைவில் கொண்டுவந்து தாரணியிடம் காட்டினேன்.

அவள் வேகமாக ஓட்டிப் பார்த்தாள். கடைசியில், "தாலி கட்டுற படம் எங்கீங்க மாமா?" என்றாள்.

தேடினோம். இல்லை.

"பொண்ணு கண்ணை மூடிக் கும்பிட்டுட்டிருக்குது. பொண்ணோட அம்மா கண்ணு தொடைக்குது. மிசினுக்கு ரெண்டு பேருமே ஃபெயிலு. இணைச்சீர் சடங்குல மாப்பிள்ளையோட அக்கா தலையில கூடை வெச்சுக் குனிஞ்சு நிக்கறா, அதுவும் போச்சு. இந்த ஆல்பத்தைக் குடுத்தா அந்த அக்கா பொறந்த வீட்டுக்கு இனி வருவாளா?" அவள் சிரிக்கவில்லை. "அப்புறம் இதையும் பாருங்க. மஞ்சள் பூசின மூஞ்சியை மஞ்சக்காமாலைன்னு நெனச்சு நீலமாக்கி வெச்சிருக்குது."

அவள் சொன்னது சரி. ஐந்து மதிப்பெண் குறைத்தேன்.

பிறகு அவளுடைய மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். சொன்னாள். அவள் செய்யும் திருத்தம் எதுவும் படத்தில் ஏறுவதில்லையாம். கேட்டலாக் என்று ஒரு தனிக் கோப்பில் ஏறுகிறதாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது.

"அதாவது விடைத்தாள் ஒரு பக்கம், மதிப்பெண் பதிவேடு ஒரு பக்கம். பதிவு எண் ஒண்ணுதான் ரெண்டையும் சேக்குது. யாராச்சும் விடைத்தாள்ல பதிவு எண்ணை மாத்திப்போட்டா மார்க்கெல்லாம் அந்தரத்துல நிக்கும். சரிதானே கண்ணு?"

"சரிதானுங்க மாமா. அதனாலதான் படத்தோட பேரை வெளியில இருந்து மாத்தவே கூடாது." இந்த மாதத்தில் முதல் முறையாக என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். "நல்லா சொல்றீங்க."

மே 17, சனி

முதல் கல்யாணம் முடிந்தது என்று இரவுச் சாப்பாட்டின்போது தாரணி சொன்னாள். நாலாயிரத்து இருநூறும். யுவராஜ் அவளுக்கு அப்பளம் ஒன்று கூடுதலாக வைத்தான். இன்னும் இரண்டு கல்யாணம், பதினான்கு நாள். "புது மிசினு இந்த வாரம் வந்துட்டா முடிச்சிருவேன்" என்று அவனைப் பார்த்துச் சொன்னாள், என்னைப் பார்த்து அல்ல. நான்காவது கடையின் விலைப்புள்ளி இன்னும் வரவில்லை என்று விளக்கினேன்.

நாச்சிமுத்து மறுபடி பேசினார். ஜூன் 9 பள்ளி திறப்பு. எட்டாம் வகுப்பு அறிவியலுக்கு தாரணியின் பெயரைப் போட்டுக் கால அட்டவணை தயாராகிறதாம். அவளுடைய அசல் சான்றிதழ்கள் ஏப்ரல் 20 முதல் அவரிடம் பத்திரமாக இருக்கின்றன. என் பீரோவில் இருந்ததைவிடப் பத்திரமாக.

"சார், பொண்ணு கண்டிப்பா வருதுங்களா? ஒரு வார்த்தை அவகிட்டயும் கேட்டுக்கறேனுங்க."

"நான் சொன்னா சொன்னதுதானுங்க" என்றேன்.

தாரணியிடம் நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும். பள்ளி வேலை பற்றி அவள் மார்ச் மாதத்தில் ஏதோ சொன்னாள். அப்போது கோபத்தில் இருந்தாள்.

மே 18, ஞாயிறு

தாரணியும் யுவராஜும் காலையில் பெருந்துறையில் ஒரு சீர் விசேஷத்துக்குப் போனார்கள். மாலையில்தான் வருவார்கள். என் மனைவி வசந்தாமணி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

மாடி அறையைப் பெருக்கினேன். மின்விசிறியைத் துடைத்தேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. படங்களின் பெயர்களைப் பார்த்தால் வருத்தமாக இருந்தது. வெறும் எழுத்தும் எண்ணும். இரண்டு கேமரா படங்கள் வேறு கலந்து கிடக்கின்றன. எந்தப் படம் எந்தக் கல்யாணம், எந்தச் சடங்கு என்று யார் கண்டுபிடிப்பது? ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளையும் எண் சொல்லிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்?

பெயர் மாற்றும் சின்ன மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் கல்யாணத்தை மட்டும் ஒழுங்குபடுத்தினேன். கல்யாண வீட்டின் பெயர், பிறகு 0001 முதல் 4200 வரை, எடுத்த நேர வரிசையில். பன்னிரண்டு நொடிதான் ஆனது. முடிந்ததும் பழைய பெயர், புதுப் பெயர்ப் பட்டியலைச் சேமிக்கவா என்று கேட்டது. சேமித்து என் பென் டிரைவில் வைத்துக்கொண்டேன். பதிவேடு இல்லாமல் நான் எதுவும் செய்வதில்லை.

மதியம் முருங்கைக்கீரைப் பொரியல் நன்றாக இருந்தது.

மே 19, திங்கள்

காலை எட்டு மணிக்கு மாடியிலிருந்து சத்தம் ஏதும் வரவில்லை. வழக்கமாக விசைகளின் சத்தம் கேட்கும். எட்டேகாலுக்குத் தாரணி இறங்கி வந்தாள்.

"படத்தோட பேரை மாத்தினது யாருங்க?"

நான் செய்தித்தாளை மடித்தேன். "நான்தான் கண்ணு. ஒழுங்கா இருக்கட்டும்னு."

"எல்லாத்துலயும் ஆச்சரியக்குறி காட்டுது. நாலாயிரத்து இருநூறுலயும். திருத்தினது ஒண்ணும் படத்துல ஒட்டலை." அவள் குரல் உயரவில்லை. "நீங்கதானே சொன்னீங்க மாமா. விடைத்தாளு, பதிவு எண்ணுன்னு. நாலு நாளுக்கு முன்னால இதே வாயால சொன்னீங்க."

சொன்னதும் செய்ததும் மனதில் சேரவில்லை என்றேன். வயது ஆகிறது.

"வயசுங்களா?" என்றாள்.

யுவராஜ் ஒரு கால் பேண்ட்டுக்குள்ளும் ஒரு கால் வெளியேயுமாக வந்து நின்றான். "ஆல்வின்கிட்டச் சொல்லி மறுபடி காப்பி வாங்கிக்கலாமே தாரணி. டிஸ்க்கு அவருகிட்டத்தானே திரும்பப் போச்சு?"

"மொத வேலையிலயே பேரைக் குழப்பி வெச்சவன்னு அவருகிட்டச் சொல்லவா? சொன்ன அன்னைக்கே மத்த ரெண்டையும் திருப்பி அனுப்புன்னுருவாரு." என் பக்கம் திரும்பினாள். "அந்தச் சாப்ட்வேர்லயே பழைய பேரைத் திரும்பக் கொண்டாற வழி இருக்குங்களா?"

"அதை மூடிட்டனேம்மா. மூடிட்டா அதுல திரும்பப் போக முடியாது."

இது உண்மை. மூடிவிட்டால் அதில் முடியாது. வேறு ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று அவள் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு விடை சொன்னால் மாணவனுக்கு யோசிக்கும் பழக்கம் வராது. முப்பத்தாறு வருடம் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அவள் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதல் படத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறாள்.

மே 20, செவ்வாய்

என் தட்டில் சோறு போட்டுவிட்டு என் பக்கம் பார்க்காமல் போகிறாள். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை இல்லை. "மாமா, மோரு." "மாமா, உப்பு." அவ்வளவுதான். வாங்கி வந்த மணிக்கட்டு மெத்தை பிரிக்காமல் மாடிப்படியில் கிடக்கிறது.

மே 21, புதன்

வசந்தாமணி பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு உதவற மாதிரி உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"அவ கேக்கட்டும்."

"என்னத்தைக் கேக்கறது? உங்ககிட்ட என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தானே கேக்கறதுக்கு." நாற்பத்திரண்டு வருடமாக என்னோடு இருக்கிறாள். என் சட்டைப் பையை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி பூண்டை எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாவது கடையின் விலைப்புள்ளி வந்தது.

மே 22, வியாழன்

நாச்சிமுத்து. "சார், அந்தப் போட்டோ வேலை என்னாச்சுங்க? அதுலயே நின்னுட்டா எங்க பாடு திண்டாட்டமுங்க."

"சிக்கல்லதான் இருக்குது. இன்னும் ரெண்டு நாள் பாத்துட்டு உறுதியாச் சொல்றேன்."

மே 23, வெள்ளி

மோர் கொடுக்கப் போனபோது திரையின் ஓரத்தில் எண்ணைப் பார்த்தேன். 3,106. முதல் தடவை பதிமூன்று நாளில் செய்ததை இப்போது ஐந்து நாளில் நெருங்கிவிட்டாள். இடது கை எண் விசைகளில் ஓடுகிறது, திரையைத் தவிர எதையும் பார்ப்பதில்லை. மனப்பாடமாக இருக்கிறது போலும். ஒரு முகத்தை இரண்டாவது முறை பார்க்கும்போது தயக்கம் இருக்காது. கண் சிவந்திருக்கிறது. வலது கையைத் தொங்கவிட்டு இடது கையால் சாப்பிடுகிறாள், வசந்தாமணி கரண்டி கொடுத்தாள்.

இந்த வேகத்தில் போனால் நாளை மறுநாள் முடித்துவிடுவாள். விடமாட்டாள் என்று தெரிந்துவிட்டது.

மே 24, சனி

விதியைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று தோன்றியது. காலையில் மேலே போய் பென் டிரைவை அவள் மேசையில் வைத்தேன்.

"பழைய பேரு, புதுப் பேரு பட்டியல் கண்ணு. இதை வெச்சு எல்லாத்தையும் திருப்பிரலாம். நீ கேப்பேன்னு பாத்தேன்."

அவள் அதைச் செருகினாள். கோப்பைத் திறக்குமுன் அதன் மேல் சுட்டியை வைத்து நிறுத்தினாள். நானும் பார்த்தேன். கோப்பு உண்டான தேதியையும் நேரத்தையும் கம்ப்யூட்டர் தானாகவே எழுதிவைக்கிறது. நான் அதை யோசிக்கவில்லை.

"யுவா" என்று கூப்பிட்டாள். அவன் வந்தான். பின்னாலேயே வசந்தாமணி.

"படிங்க."

"மே பதினெட்டு. பதினொண்ணு நாப்பத்தி ரெண்டு."

"இன்னைக்குத் தேதி?"

அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

பட்டியலை வைத்துப் பெயர்களைத் திருப்புவதற்குப் பத்து நிமிடம் ஆனது. அதில் ஏழு நிமிடம் பழைய கம்ப்யூட்டர் யோசித்தது. ஆச்சரியக்குறிகள் வரிசையாக மறைந்தன. முதல் தடவை செய்த திருத்தம் எல்லாம் நாலாயிரத்து இருநூறு படங்களிலும் வந்து ஒட்டிக்கொண்டது. தாரணி கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை பார்த்தாள். நாலு பேரும் பார்த்தோம். மகிழ்ச்சியான விஷயம்தான், யாரும் அப்படி நடந்துகொள்ளவில்லை.

"கீழ போங்கப்பா" என்றான் யுவராஜ்.

மே 25, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு இருவரும் காரில் கிளம்பினார்கள். பதினொன்றரைக்குத் திரும்பினார்கள், பின்சீட்டில் கம்ப்யூட்டர். ஞாயிற்றுக்கிழமை அவளுக்காகக் கடையைத் திறந்தாராம் அந்தக் கடைக்காரர். அவள் எழுதிக் கொடுத்த அதே பட்டியல். என்னை ஒன்றும் கேட்கவில்லை, ஒரு கையெழுத்துக் கூட. யுவராஜ் வாங்கிவிட்டான்.

மேலே வரலாமா என்று படியில் நின்று கேட்டேன். "வேலை நடக்குதுங்க மாமா" என்று பதில் வந்தது.

மாலையில் யுவராஜ் அந்த இருபது படங்களின் சோதனையைச் செய்து சொன்னான். நான் கேட்டதால்தான் செய்தான். பழைய கம்ப்யூட்டரில் ஆறு நிமிடம் பத்து நொடி. இதில் இருபத்தெட்டு நொடி. முப்பத்திரண்டு ராமில் நான் சோதித்த இயந்திரம் ஐம்பத்தொரு நொடி எடுத்தது. அறுபத்திநாலு என்று அவள் எழுதியது சரியான விடை. அட்டவணையில் குறித்துக்கொண்டேன்.

மே 28, புதன்

மாடியில் விசைச் சத்தம் மழை மாதிரி இடைவிடாமல் விழுகிறது. இரண்டாவது கல்யாணம் முடிந்துவிட்டதாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. வசந்தாமணி கொத்துமல்லிக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மே 31, சனி

மாலை நாலு மணிக்கு யுவராஜ் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கோவைக்குப் போனான். தாரணி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மணிக்கட்டு மெத்தையைப் பிரித்திருக்கிறாள் என்று பார்த்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். நான் வெளியே வந்ததும் எழுந்து உள்ளே போனாள்.

ஜூன் 3, செவ்வாய்

தாரணியின் போன் ஒலிபெருக்கியில் ஆல்வின் பேசினார். கூடத்தில் எல்லோரும் இருந்தோம்.

"மேடம், இணைச்சீரு, மாமன் சீரு ஒண்ணு விடாம வந்திருக்குங்க. போன சீசன்ல ஒரு மாமனை விட்டுட்டோம்னு மண்டபத்துலயே சட்டையைப் புடிச்சாங்க என்னை. ஆவணியில பதினெட்டு கல்யாணம் இருக்குது. பாத்துக்குவீங்களா?"

"பாத்துக்கறேனுங்க சார்."

வசந்தாமணி பாயசம் வைத்தாள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது.

ஜூன் 4, புதன்

நான் குளித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்திருக்கிறது. தாரணி எடுத்திருக்கிறாள். வெளியே வந்தபோது அவள் கூடத்தின் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க, தாரணிதானுங்க... எந்தச் சர்டிபிகேட்டுங்க?... ஏப்ரல் இருபதா?... இல்லீங்க, நான் குடுக்கலை... நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வர்றேனுங்க."

போனை என் கையில் கொடுத்தாள். துண்டிலிருந்து அதன் மேல் தண்ணீர் சொட்டியது. "தொடைச்சுக்குங்க மாமா, கெட்டுப்போயிரும்" என்றாள்.

எதற்காக அப்படிச் செய்தேன் என்று மதியம் வசந்தாமணியிடம் விளக்கினேன். மாதச் சம்பளம், மரியாதை, மே மாத விடுமுறை, கண்ணுக்குக் கெடுதல் இல்லை. ஒரு செடியை நல்ல மண்ணில் மாற்றி நடுவது போல. அவள் முழுவதையும் கேட்டாள்.

"செடி கம்முனு இருக்குமுங்க" என்றாள்.

ஜூன் 5, வியாழன்

தாரணி பள்ளிக்குப் போய்ச் சான்றிதழ்களை வாங்கி வந்துவிட்டாள். பத்தாம் வகுப்பிலிருந்து பி.எட். வரை ஆறு தாள்களையும் மேசையில் விரித்து எண்ணினாள். பிறகு மேலே எடுத்துப் போனாள். மாடி அறைக்கு இப்போது பூட்டு இருக்கிறது.

சற்று நேரத்தில் நாச்சிமுத்துவே நேரில் வந்தார். காபி வேண்டாம் என்றார். "சார், நாலு நாள்ல பள்ளிக்கூடம் தொறக்குது. நான் ஆளுக்கு எங்க போறது? நீங்க சொன்னீங்கன்னு வந்த ரெண்டு பேர்த்தை வேண்டாம்னு அனுப்பிச்சுட்டேன். பொண்ணுகிட்டயே கேட்டேன். அது என்ன சொல்லுச்சு தெரியுங்களா?"

"என்னுங்க?"

"'வாக்குக் குடுத்தவங்களையே வரச் சொல்லுங்க'ன்னுச்சு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அறுபத்தெட்டு வயது என்றேன். எழுபத்தொன்றில் தமிழய்யா ஒருவர் அங்கே வருகிறாராம். முழங்கால் என்றேன். வகுப்பு கீழ்த்தளத்தில்தான் என்றார். உதவிக்கு வசந்தாமணியைப் பார்த்தேன்.

"காலையில டிபனுக்கு இட்லி போதுங்களா, பொங்கல் வைக்கட்டுமா?" என்று என்னைக் கேட்டாள்.

ஜூன் 9, திங்கள்

ஏழு மணிக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது தாரணி மாடிப்படியில் பாதி இறங்கி நின்றாள். "மாமா, ஏழு நாப்பது பஸ்ஸை விட்டா எட்டரைக்குத்தான் அடுத்ததுங்க." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆறு பாடவேளை. நாற்பத்தேழு பிள்ளைகள். மின்விசிறி ஒன்று ஓடவில்லை. மூன்றாவது பாடவேளையில் ஒரு பையன் தூங்கினான், ஐந்தாவதில் எனக்கே கண் சொருகியது. நான் சொன்ன எடுத்துக்காட்டுக்கு யாரும் சிரிக்கவில்லை. மதிய இடைவேளையில் முப்பத்தாறு நாட்குறிப்பேடுகளில் கையெழுத்துப் போட்டேன். பேருந்தில் நின்றுகொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றக் குனிந்தால் இடுப்பு நிமிரவில்லை. கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன். தாரணி தண்ணீர் குடிக்கக் கீழே வந்தாள். எனக்கும் ஒரு சொம்பு கொண்டுவந்து வைத்தாள். இருபது நாளில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி இது:

"எப்படிங்க மாமா இருந்துச்சு?"

மறைக்கத் தெம்பு இல்லை. "நல்ல புள்ளைங்கதான் கண்ணு. ஆனா எனக்கு இது வேண்டாம்னு இருக்குது. நாள் பூரா வேற யாருக்கோ வேலை செய்யற மாதிரி இருக்குது."

"மார்ச் மாசம் நானும் இதேதானுங்க சொன்னேன்" என்றாள். "இதே நாக்காலியில உக்காந்திருந்தீங்க. கேட்டுட்டு, பொறுமை வேணும்னு சொன்னீங்க."

சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பிறகு மாடிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நாச்சிமுத்துவிடம் காலாண்டுத் தேர்வு வரை என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்குப் பாடக்குறிப்பு எழுத வேண்டும். முதல் பாடம் அளவீட்டியல்.